பிள்ளைகளின் சாக்கர் மேட்ச்சில் கார்டும் கண்டிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கோச் இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் ஓர் இளையோர் அகாடமியின் 11 வயது, 13 வயது அணிகளுக்கு மேனேஜர். பெயர்தான் மேனேஜர், தண்ணீர் கேன், முதலுதவிப் பெட்டி, வருகைப் பதிவேடு, மேட்ச் முடிந்ததும் கொதித்துக்கொண்டு வரும் பெற்றோர், இந்த நாலும்தான் வேலை. பிள்ளைகள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் லைன் ஓரம் நாற்காலி போட்டு உட்காரும் ஆயா, தாத்தாக்களில் சிலரும், வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களும் என்னிடம் தமிழில்தான் கேட்பார்கள். சனிக்கிழமைதோறும் அதே பதிலைச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

"மஞ்சள் கார்டு, சிவப்பு கார்டு எல்லாம் டிவியில் பார்க்கிறதுதானே? இத்தனூண்டு பிள்ளைகளுக்குமா?"

ஆமாம், விதிப் புத்தகம் ஒன்றுதான். மைதானத்தின் அளவு, பந்தின் அளவு, ஆட்ட நேரம், வெளியே போனவர் திரும்ப உள்ளே வரலாமா என்பதையெல்லாம் பிள்ளைகளுக்காக மாற்றிக்கொள்ள இடம் உண்டு. எது தப்பு என்பது மாறாது. மஞ்சள் என்றால் எச்சரிக்கை. ரெஃபரியோடு வாதாடுவது, திரும்பத் திரும்ப ஃபவுல் செய்வது, நேரத்தைக் கடத்துவது, அடிபடாமலே அடிபட்ட மாதிரி விழுவது, கோல் போட்ட சந்தோஷத்தில் சட்டையைக் கழற்றுவது எல்லாம் மஞ்சள். ஒரே மேட்ச்சில் இரண்டு மஞ்சள் சேர்ந்தால் சிவப்பு. அடிப்பது, துப்புவது, கடிப்பது, கேவலமாகத் திட்டுவது இவற்றுக்கு நேராகச் சிவப்பு.

கார்டு வந்த கதையைச் சொன்னால் தாத்தாக்களுக்குப் பிடிக்கும். 1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்து, அர்ஜென்டினா மேட்ச். ரெஃபரி ஜெர்மன்காரர், அர்ஜென்டினா கேப்டனுக்கு ஸ்பானிஷ்தான் தெரியும். வெளியே போ என்று சொல்லியும் அவர் போகவில்லை, பெரிய ரகளை. அதற்குப் பிறகு கென் ஆஸ்டன் என்ற ஆங்கிலேய ரெஃபரி, சாலையில் டிராஃபிக் சிக்னலைப் பார்த்துவிட்டு மஞ்சள், சிவப்பு யோசனையைச் சொன்னார். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையிலிருந்து கார்டு புழக்கத்துக்கு வந்தது. பாஷை புரியாதவர்களுக்காக வந்த சாமான் அது. ஸுலு பேசுகிற பிள்ளையும் ஆங்கிலம் பேசுகிற பிள்ளையும் சேர்ந்து ஆடுகிற நம் மைதானத்துக்குப் பொருத்தமானதுதான்.

"தப்பு பண்ணினால் யார் தண்டிக்க வேண்டும்? ரெஃபரியா, கோச்சா, வீட்டில் நாங்களா?"

விசில் அடித்து ஆட்டம் நடக்கும்வரை ரெஃபரி. அவர் பார்க்காத விஷயத்துக்கும் அணியின் சொந்தக் கட்டுப்பாடுகளுக்கும் (நேரத்துக்கு வருவது, கூட ஆடுகிறவனைக் கேலி செய்யாதது) கோச். சிவப்பு கார்டுக்குப் பிறகு எத்தனை மேட்ச் தடை என்பதைப் போட்டி நடத்துகிறவர்களின் குழு முடிவு செய்யும். பொதுவாக அடுத்த ஒரு மேட்ச் தானாகவே போய்விடும்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ரெஃபரி ஒரு தரம், கோச் ஒரு தரம், காரில் அப்பா ஒரு தரம், ராத்திரி போனில் பெரியப்பா ஒரு தரம் என்று ஒரே தப்புக்கு நாலு இடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் அவனுக்குத் தப்பு மறந்துவிடும், நாம்தான் ஞாபகம் இருப்போம்.

"வேணும்னு செய்யலையே, பந்தைத்தான் எடுக்கப் போனான். அதற்கு ஏன் கார்டு?"

எனக்கு வருகிற கேள்விகளில் இதுதான் முதலிடம். விதி, பையன் மனதில் என்ன இருந்தது என்று கேட்பதில்லை. காலை எப்படி நீட்டினான் என்றுதான் பார்க்கிறது. கவனக்குறைவாக மோதினால் வெறும் ஃப்ரீ கிக். எதிராளிக்கு என்ன ஆகும் என்று பார்க்காமல் பாய்ந்தால் மஞ்சள். தேவைக்கு மீறின வேகத்தோடு போய் அவன் காலுக்கே ஆபத்து என்றால் சிவப்பு. மூன்றிலும் "பந்தைத்தான் எடுக்கப் போனேன்" என்பது உண்மையாகவே இருக்கலாம்.

அப்புறம், 12, 13 வயதில் ஒரே அணியிலேயே ஒருவன் தோள்பட்டை அகலமாகி நிற்பான், இன்னொருவன் இன்னும் குருவி மாதிரி இருப்பான். பெரியவனுக்குத் தன் உடம்பின் கனம் தனக்கே இன்னும் பழகியிருக்காது. அவனைத் திட்டிப் பயனில்லை. கீழே விழாமல் நின்றபடியே பந்தை எப்படி எடுப்பது என்று பயிற்சியில் சொல்லித் தருவதுதான் வழி. எங்கள் 13 வயது அணியில் வரும் கார்டுகளில் பாதிக்கு மேல் கோபத்தால் வருவதில்லை, கால் வைக்கத் தெரியாததால் வருகின்றன என்பது என் கணிப்பு.

"பத்து நிமிஷம் வெளியே நின்றுவிட்டுத் திரும்ப உள்ளே போனானே, அது என்ன?"

அதற்குப் பெயர் சின் பின். பாவத் தொட்டி என்று ஒரு தாத்தா மொழிபெயர்த்தார், எனக்குப் பிடித்திருந்தது. 2017 முதல் இளையோர், மூத்தோர், மாற்றுத்திறனாளிகள், அடிமட்ட (ஊர், பேட்டை அளவிலான) அணிகள் ஆடும் மேட்ச்களுக்கு இது அனுமதிக்கப்பட்டிருக்கிறது. மஞ்சள் காட்டிவிட்டு, மொத்த ஆட்ட நேரத்தில் 10 முதல் 15 சதவீதம் வெளியே நிற்க வைப்பார்கள். 90 நிமிட ஆட்டத்துக்கு 10 நிமிடம். 60 நிமிடம் ஆடுகிற பிள்ளைகளுக்கு 6 முதல் 9 நிமிடம். அந்த நேரம் முழுக்க அணிக்கு ஓர் ஆள் குறைவு. முடிந்ததும் ரெஃபரி தலையசைத்தால் உள்ளே ஓடலாம், பந்து வெளியே போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கோல்கீப்பருக்கும் இது உண்டு.

எல்லாப் போட்டியிலும் இது கிடையாது. போட்டி தொடங்கும் முன் தருகிற விதித்தாளில் இருந்தால்தான் உண்டு. இங்கிலாந்தில் ரெஃபரியோடு வாதாடுவதற்கு இதைச் சோதித்துப் பார்த்தபோது வாதாட்டம் 38 சதவீதம் குறைந்ததாகச் சொன்னார்கள். பிறகு 2019-20 சீசனிலிருந்து அடிமட்ட ஆட்டங்களுக்கெல்லாம் கொண்டுவந்தார்கள். என்னைக் கேட்டால் பிள்ளைகளுக்கென்றே செய்தது போலத்தான் இருக்கிறது. கோபம் ஆறுவதற்கு ஆறு நிமிடம் போதும். தண்டனையும் அன்றைக்கே, அங்கேயே முடிந்துவிடுகிறது.

"ரெஃபரி ஒன்றுமே சொல்லவில்லை. கோச்சே வெளியே எடுத்துவிட்டார். பையன் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறான். இது என்ன நியாயம்?"

எடுக்க உரிமை உண்டு. எப்படி எடுக்கிறார் என்பதுதான் விஷயம். நல்ல கோச் பையனை வெளியே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்து, குனிந்து அவன் உயரத்துக்கு வந்து, "நீ 8ஆம் நம்பரைப் பின்னாலிருந்து தள்ளினாய், பார்த்தேன். ஐந்து நிமிடம் உட்கார், அப்புறம் போ" என்பார். என்ன தப்பு, எவ்வளவு நேரம், அப்புறம் என்ன என்று மூன்றும் அதில் இருக்கிறது. திரும்பப் போகலாம் என்ற விதியை (முதல் பதிலில் சொன்னது) இப்படித்தான் பயன்படுத்த வேண்டும்.

மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து பெயர் சொல்லிக் கத்தி, உட்கார வைத்து, பிறகு மேட்ச் முடியும்வரை அவன் பக்கமே திரும்பாமல் இருந்தால் அது பழிவாங்கல். உங்கள் பையன் அழுதது எதற்காக என்று அவனிடமே கேளுங்கள். பெஞ்சில் உட்கார்ந்ததற்கா, யாரும் ஒன்றும் சொல்லாததற்கா? நான் கேட்டவரை பெரும்பாலும் இரண்டாவதுதான்.

"பயிற்சிக்கு லேட்டாக வந்தால் பத்து ரவுண்டு ஓடவிடுகிறார்கள். நல்லதுதானே?"

எனக்கு உடன்பாடு இல்லை. ஓட்டம் இந்த விளையாட்டின் உயிர். அதையே தண்டனையாக்கினால் ஓட்டமே கசக்கும். பிப்ரவரியில் டர்பன் புழுக்கம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அந்த வெயிலில் ஓடவிட்டுத் தண்ணீரையும் நிறுத்தினால் அது ஒழுங்கு இல்லை, ஆபத்து. தண்ணீரை ஒருபோதும் நிறுத்தக் கூடாது.

இன்னொன்று, பத்து வயதுப் பிள்ளை தானாக லேட்டாக வருவதில்லை. காரை ஓட்டுகிறவர்தான் லேட்.

"எங்க காலத்தில் ஓர் அறை விட்டால் எல்லாம் சரியாகிவிடும். நானே சொல்கிறேன், அடிங்க கோச்."

இதைச் சொன்ன தாத்தா டர்பனின் பழைய கறீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் ஆடியவர். டர்பன் கிளப்பான மேனிங் ரேஞ்சர்ஸ் 1996-97இல், தென்னாப்பிரிக்கப் பிரீமியர் லீக் தொடங்கின முதல் சீசனிலேயே கோப்பையைத் தூக்கிய கதையைச் சாட்ஸ்வொர்த்தில் அவர் மாதிரிச் சொல்ல ஆள் இல்லை. சாக்கரில் அவர் சொல்வதை நான் மறுபேச்சில்லாமல் கேட்பேன். இதில் மட்டும் முடியாது.

பள்ளிகளில் அடிப்பது 1996ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டத்தின் 10ஆம் பிரிவிலேயே தடை செய்யப்பட்டது. 2019 செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. பிள்ளையைத் திருத்தத்தான் அடித்தேன் என்று பெற்றோர் சொல்லித் தப்பிக்க அதுவரை இருந்த சட்ட வழியே செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே அடிக்க உங்களுக்கே உரிமை இல்லாதபோது அதை எப்படி எங்களுக்குக் கொடுப்பீர்கள்? கோச் கை வைத்தால் அது தாக்குதல் வழக்கு. காதைத் திருகுவது, பந்தை மேலே எறிவது, தலையில் குட்டுவது எல்லாமே இதில் சேரும். "செல்லமாகத் தட்டினேன்" என்பதையும் நாங்கள் ஏற்பதில்லை.

"கோச் கத்துகிறார். கத்தாமல் சாக்கர் நடக்குமா? எதுவரை சரி?"

காற்றடிக்கிற மைதானத்தில் மெதுவாகப் பேசினால் யாருக்கும் கேட்காது. "பின்னால் வா", "ஆளைப் பிடி" என்று எவ்வளவு சத்தமாகவும் சொல்லலாம். "மக்கு", "பொம்பளைப் பிள்ளை மாதிரி ஓடுகிறாய்", "உன்னால்தான் தோற்றோம்" இவை கூடாது, மெதுவாகச் சொன்னாலும் கூடாது. இந்த மூன்றில் நடுவில் உள்ளதை ஒரு கோச் சொன்னபோது எங்கள் அணியில் ஆடுகிற இரண்டு பெண் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். வேகத்தில் அந்தக் கோச்சுக்கு அவர்கள் ஈடு கொடுப்பார்கள்.

2019 முதல் கோச்சுக்கும் பெஞ்சில் இருக்கிற மற்றப் பெரியவர்களுக்கும் ரெஃபரி மஞ்சள், சிவப்பு காட்டலாம். பெஞ்சிலிருந்து யார் திட்டினார் என்று தெரியாவிட்டால் கார்டு தலைமைக் கோச்சுக்கு. நல்ல விதி.

"எதிர் டீம் பையன் இனத்தைச் சொல்லித் திட்டினான். நம் பையன் திருப்பிச் சொன்னான். இரண்டு பேருக்கும் சிவப்பா?"

இரண்டு பேருக்கும் சிவப்புதான். யார் முதலில் என்பது விசாரணையில் உதவலாம், கார்டை மாற்றாது. டர்பனில் நம்மைக் குறிக்க ஒரு வார்த்தை உண்டு, கறுப்பினத்தாரைக் குறிக்க ஒரு வார்த்தை உண்டு. இரண்டையும் இங்கே எழுத மாட்டேன். இந்த நாட்டில் அது வெறும் கெட்ட வார்த்தை இல்லை. 2018இல் ஒரு பெண், கறுப்பினப் போலீஸ்காரர்களை அந்த இரண்டாவது வார்த்தையால் திட்டியதற்காகச் சிறைத் தண்டனை பெற்றார். உலக அளவில் 2024இல் ஃபிஃபா ஒரு சைகையைக் கொண்டுவந்தது: இனத்தைச் சொல்லித் திட்டப்பட்டவர் இரண்டு மணிக்கட்டுகளையும் குறுக்காக வைத்து ரெஃபரியிடம் காட்டலாம். எங்கள் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். திருப்பிச் சொல்லாதே, கையைக் காட்டு.

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழில் சொன்னால் யாருக்கும் புரியாது என்று நினைத்து லைனில் நின்று ஏதோ சொல்லிச் சிரிக்கிறீர்கள். சிரிக்கிற முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தாலே புரிந்துவிடும். உங்கள் பையனுக்கோ தமிழும் புரிகிறது. அவன் வாயில் வருகிற அந்த மாதிரி வார்த்தை அவனுக்கு மைதானத்தில் கிடைத்தது இல்லை, உங்களிடமிருந்து கிடைத்தது.

நம் பிள்ளை சொல்லி, ரெஃபரி காதில் விழாமல் போனால் நாங்களே வெளியே எடுத்துவிடுவோம். அன்று திரும்ப உள்ளே கிடையாது. மேட்ச் முடிந்ததும் கோச்சோடு போய் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்தப் பையன் கை கொடுக்காவிட்டால் அது அவன் இஷ்டம். "அவன்தான் சாரி சொல்லிவிட்டானே" என்று அவனை நெருக்கக் கூடாது. இதெல்லாம் நடந்து, தடையும் முடிந்து திரும்ப வந்த பிறகு அவன் மற்றவர்களைப் போலத்தான். அதை வைத்து அவனுக்குப் பட்டப்பெயர் வைத்தால் அடுத்து பெஞ்சுக்குப் போவது பெயர் வைத்தவன்.

"சிவப்பு வாங்கினால் ஒரு ஆள் குறைவாக ஆட வேண்டுமாமே. ஒருத்தன் தப்புக்கு மற்றப் பிள்ளைகள் ஏன் கஷ்டப்படணும்?"

ஆட்டம் தொடங்கின பிறகு வாங்கிய சிவப்புக்குப் பதில் ஆள் இறக்க முடியாது. வார்ம்-அப்பிலேயே வாங்கினால் இறக்கலாம். ஏழு பேருக்குக் கீழே போனால் 11 பேர் ஆட்டம் தொடர முடியாது. அணி விளையாட்டு என்றால் இதுவும் சேர்த்துத்தான், என்ன செய்வது. நட்பு மேட்ச் என்றால் இரண்டு கோச்சுகளும் முன்பே பேசிவைத்து, ரெஃபரியும் சரி என்றால், வேறு பிள்ளையை இறக்குவதுண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஒன்றை மட்டும் விடக்கூடாது. சிவப்பு வாங்கியவர் பெஞ்சில் உட்காரக் கூடாது, மைதானத்தை விட்டு விலக வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அழுதுகொண்டே தனியாகக் கார் நிறுத்துமிடத்துக்குப் போவதா? கூடவே ஒரு பெரியவர் போக வேண்டும். எங்கள் அணியில் அது என் வேலை. நான் ஒன்றும் பேச மாட்டேன், ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுப்பேன்.

"லைனில் நிற்கிற சில அப்பாக்கள் ரெஃபரியைத் திட்டுகிறார்களே, அவர்களுக்குக் கார்டு இல்லையா?"

இல்லை, அதுதான் பிரச்சினை. பார்க்க வந்தவர்களுக்குக் கார்டு காட்ட முடியாது. ஆனால் ரெஃபரி ஆட்டத்தை நிறுத்தி, அவரை அப்புறப்படுத்துங்கள் என்று ஏற்பாட்டாளர்களிடம் சொல்லலாம். அடங்காவிட்டால் மேட்சையே கைவிடலாம். பிள்ளைகள் மேட்ச்சில் விசில் பிடிப்பவரே பல நேரம் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை. உங்கள் அக்கா மகன் வயது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் மகன் 11 வயது அணியில் ஆடியபோது ஒரு மேட்ச்சில் மஞ்சள் வாங்கினான். மைதானத்தில் நான் வாயைத் திறக்கவில்லை, அதில் எனக்குப் பெருமை வேறு. காரில் ஏறினதும் ஆரம்பித்தேன். ஹிக்கின்சன் ஹைவேயில் ஏறி, இறங்கி, வீட்டு கேட் திறக்கும்வரை நிறுத்தவில்லை. அடுத்த சனிக்கிழமை காலை அவன் தன் அம்மாவிடம் போய், "நான் பக்கத்து வீட்டு அங்கிள் காரில் போகட்டுமா?" என்று கேட்டிருக்கிறான். இப்போது எங்கள் காரில் ஒரு விதி: மேட்ச் பேச்சை அவன்தான் எடுக்க வேண்டும். அவன் எடுக்காவிட்டால் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவோம். இங்கிலாந்தில் சில இளையோர் லீக்குகள் சில வாரக் கடைசிகளில் பெற்றோரைக் கை மட்டும் தட்டச் சொல்லி, வாயைத் திறக்காமல் நிற்க வைக்கிறார்கள். இங்கே செய்து பார்க்க ஆசை. எங்கள் ஆயாக்கள் ஒத்துக்கொள்வார்களா என்றுதான் யோசனை.

"கோல் போடுகிற பையன் என்ன செய்தாலும் கோச் கண்டுகொள்வதில்லை. நம் பையன் தும்மினால் பெஞ்ச்."

நடக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். அதனால்தான் பெஞ்சில் உட்கார்ந்த நிமிடங்களையும் காரணத்தையும் பதிவேட்டில் எழுதுகிறேன். ஒரு மாதத்துத் தாளைக் கோச் கையில் கொடுத்தால் அவருக்கே தெரிந்துவிடும். உங்களுக்கு அப்படித் தோன்றினால் மேட்ச் அன்று கேட்காதீர்கள். இரண்டு நாள் கழித்து, பிள்ளை பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள்.

"கோயில் திருவிழாவுக்குப் போனதால் பயிற்சிக்கு வரவில்லை. அதற்காக மேட்ச்சில் இறக்கவில்லை. முறையா?"

முன்பே சொல்லியிருந்தால் முறையில்லை. காவடிக்கும், ஈஸ்டர் நாட்களில் மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கும் எங்கள் அணியில் பாதி காணாமல் போகும். ஈத் அன்று இன்னும் மூன்று பேர். அது தப்பில் சேராது. புரட்டாசி விரதத்தைக் காரணம் காட்டி ஓட மாட்டேன் என்பது மட்டும் செல்லாது, அது இறைச்சிக்குத்தான் விரதம்.

"ரெஃபரி ஆள் மாறிக் கார்டு காட்டிவிட்டார். அப்பீல் போகலாமா?"

ஃபவுலா இல்லையா என்பதில் ரெஃபரி சொன்னது முடிவு, அதற்கு அப்பீல் இல்லை. ஆள் மாறியது என்றால் மேட்ச் முடிந்ததும் அணி வழியாகப் போட்டிக் குழுவுக்கு எழுதலாம். போனில் எடுத்த வீடியோவோடு ரெஃபரி காருக்கு முன்னால் போய் நிற்காதீர்கள்.

"கோச் நடந்துகொள்கிற விதமே சரியில்லை. அகாடமியில் சொன்னால் பையனை நிறுத்திவிடுவார்களோ என்று பயம்."

முதலில் எழுத்தில் கேளுங்கள்: பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியில்லாதவர்களின் தேசியப் பதிவேட்டில் இந்தக் கோச்சின் பெயர் இல்லை என்று சரிபார்த்தீர்களா? 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம், பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களைப் பற்றி அப்படிச் சரிபார்க்கச் சொல்கிறது. கேட்டதற்கே முகம் சுளிக்கிற அகாடமி என்றால் வேறு இடம் பாருங்கள்.

அடி, பாலியல் தொல்லை, தனியாக அழைத்துப் போவது, ராத்திரியில் பிள்ளைக்கு மெசேஜ் என்றால் அகாடமியின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். போலீஸிடமோ சமூக நலத் துறையிடமோ நேராகப் போகலாம். சைல்டுலைன் எண் 116, கட்டணம் இல்லை, பிள்ளையே கூப்பிடலாம்.

"நான் சிவப்பு கார்டு வாங்கிட்டேன். அடுத்த வாரம் வரலாமா?"

இதைக் கேட்டது பதினோரு வயதுக்காரர், மேட்ச் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, அம்மாவின் போனிலிருந்து. வரலாம். சனிக்கிழமை மேட்ச்சில் ஆட முடியாது, தடை இருக்கிறது. பயிற்சிக்குத் தடை இல்லை. செவ்வாய் நாலரை மணி, ஷின் பேடை (முழங்காலுக்குக் கீழே கட்டுகிற காப்பு) மறக்காதே. போன தடவை மறந்துவிட்டாய்.